டொரீனைக் கூட்டிக்கொண்டு வரப் போன கதை

அண்டைக்கு எனக்குத் தந்த வேலை ஒண்டே ஒண்டுதான். டொரீன் எண்ட நோயாளியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாறது.

டொரீன்ர வீடு கிளினிக்கில இருந்து இருநூறு மீற்றர். லண்டனில எங்கட வீட்டில இருந்து பால் வாங்கப் போற கடை இதைவிடத் தூரம்.

"பத்து நிமிச வேலை" எண்டு சொன்னா கிளினிக் நேர்ஸ் பெவ்.

நான் திரும்பி வந்து சேர ஆறு மணித்தியாலம் ஆச்சு!

நடந்ததை முதலில இருந்து சொல்லுறன். சிரிக்கிற ஆக்கள் சிரியுங்கோ, எனக்குப் பழகிப் போச்சு.

நான் அப்ப லண்டனில நேர்சிங் படிச்சுக்கொண்டிருந்தன். கடைசி வருசம். எட்டுக் கிழமை வெளிநாட்டில போய் பிளேஸ்மென்ட் செய்யலாம் எண்டு யூனிவேர்சிற்றியில ஒரு படிவம் தந்தவை. "எந்த நாடு?" எண்டு கேட்டிருந்திச்சு. அவுஸ்திரேலியா எண்டு எழுதினன். "எந்த இடம்?" எண்ட பெட்டியில "எங்கயெண்டாலும் பரவாயில்லை" எண்டு எழுதினன்.

படிவத்தில ஒருநாளும் அப்பிடி எழுதாதேங்கோ. ஆரோ ஒரு ஆள் அதை உண்மை எண்டு நம்பிப்போடுவார்.

நான் நினைச்சது கடற்கரை. கிடைச்சது பாலைவனம். நாட்டின்ர நட்டநடு. என்ர சூட்கேசில ரெண்டு நீச்சல் உடுப்பு இருந்தது. கடலைப் பாக்கோணுமெண்டால் எந்தப் பக்கம் போனாலும் ரெண்டு நாள் கார் ஓடோணும்.

முப்பது முப்பத்தைஞ்சு வீடு. ஒரு கடை. ஒரு பள்ளிக்கூடம். ஒரு கிளினிக். அவ்வளவுதான் ஊர். அங்க இருக்கிறது அந்த நிலத்தின்ர ஆதிக்குடிச் சனம். மிச்சமெல்லாம் செம்மண், முள்ளு, வானம், இலையான். இலையான் எண்டால் கொஞ்ச நஞ்சமில்லை! வாயைத் திறந்து "குட் மோர்னிங்" சொல்ல முதல் ரெண்டு உள்ள போயிடும்.

கிளினிக்கில பெவ் எண்ட நேர்ஸ்தான் எல்லாம். ஐம்பத்தைஞ்சு வயசிருக்கும், கட்டையா வெட்டின நரைமயிர், முழங்கால் வரைக்கும் களிசான், பள்ளிக்கூட அதிபர் மாதிரிக் குரல். டொக்டர் கிழமைக்கு ஒருக்கா விமானத்தில வருவார். மற்ற நாளெல்லாம் பெவ். இப்ப பெவ்வும் நானும்.

முதல் மூண்டு நாளும் நான் செய்தது இடம் பழகினதுதான். என்ர வெள்ளை யூனிபோர்மை ஒருக்காத் தோய்ச்சன். அது பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்திட்டுது. குளியலறையில ஒரு தவளை குடியிருந்தது. முதல் நாள் நான் கத்தினன். ரெண்டாம் நாள் அது கத்திச்சு. மூண்டாம் நாள் ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திட்டம்.

நாலாம் நாள்தான் இந்த வேலை.

"டொரீனுக்குச் சீனி வருத்தம். காலில புண். ஒண்டுவிட்டொரு நாள் கழுவி மருந்து கட்டோணும். நேற்று வரேல்லை. போய்க் கூட்டிக்கொண்டு வா" எண்டா பெவ். "அவசரப்படுத்தாதே. கேட்டுப்போட்டுப் பேசாம இரு. அவ யோசிச்சுச் சொல்லுவா."

எனக்கு ஒரே புளுகம்! முதல் முதலாத் தனிய ஒரு பொறுப்பு. தலைமயிரை இறுக்கிக் கட்டினன். கறுப்புச் சப்பாத்தைத் துடைச்சன். இந்த பிளேஸ்மென்டுக்கெண்டே லண்டனில ரூட்டிங் சந்தையில வாங்கின சப்பாத்து. நல்ல மினுக்கம். பையில தண்ணிப் போத்தல், கையுறை ரெண்டு சோடி, டொரீன்ர கோப்பு. வெளிக்கிட்டாச்சு.

கேற்றைத் தாண்டினவுடன நாயள்.

ஒண்டு ரெண்டில்லை, ஏழு. எனக்கு நாயெண்டால் சரியான பயம். கோப்பை முன்னால பிடிச்சுக்கொண்டு நடந்தன். ஏழும் எனக்குப் பின்னால வரிசையா வந்திச்சினம். ஒண்டும் குலைக்கேல்லை. பாத்தால் நான்தான் ஏதோ ஊர்வலத்தைக் கூட்டிக்கொண்டு போற மாதிரி இருந்திருக்கும்.

மஞ்சள் வீடு. வாசலில படங்கு விரிச்சு நிழலுக்க இருந்தா டொரீன். ஐம்பது வயசிருக்கும். பெரிய பூப்போட்ட பாவாடை, தலையில கம்பளித் தொப்பி. அந்த வெயிலுக்குக் கம்பளித் தொப்பி! இடது காலில துணி சுத்தியிருந்தது.

இனி எல்லாரும் இங்கிலிசிலதான் கதைக்கினம். ஆனா எனக்கு எழுத வாறது எங்கட தமிழ்தான். அதால டொரீனும் பெவ்வும் இதில யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பினம். பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் படிச்ச மாதிரியே தொடங்கினன். சிரிச்ச முகம். பேர் சொன்னன். லண்டனில இருந்து வந்த மாணவி எண்டன். "கால் எப்பிடி இருக்கு?" எண்டு கேட்டன்.

டொரீன் ஒண்டும் சொல்லேல்லை. தூரத்தைப் பாத்தா.

நானும் பேசாம இருந்தன். தூரத்தைப் பாத்தன். அங்க ஒண்டும் இல்லை.

ஐஞ்சு நிமிசம் போச்சு. பரீட்சையில எனக்கு முழுப் புள்ளி கிடைச்சிருக்கும், அவ்வளவு அமைதி.

"கிளினிக்குக்கு வாறியளோ?" எண்டு கேட்டன்.

"ஓம்" எண்டா.

"இப்பவோ?"

"ஓம். கார் வருது."

எனக்கு வந்த சந்தோசம்! பெவ் என்ன, நானெல்லோ நேர்ஸ்!

இந்த இடத்தில ஒண்டு சொல்லோணும். "ஓம்" எண்ட சொல்லைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கட அப்பா மூண்டு வருசமா அம்மாவுக்கு "ஓம், கூரைப் பீலி துப்புரவாக்கிறன்" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார். பீலியில செடி முளைச்சிட்டுது. ஓம் எண்டால் "நீ சொன்னது காதில விழுந்தது" எண்டு அர்த்தம். அந்த வீட்டில வளந்த எனக்கு இது விளங்கியிருக்க வேணும். விளங்கேல்லை.

கார் வந்தது. முந்தி வெள்ளையா இருந்த கார். பின் கண்ணாடி இல்லை. ஓட்டினது டொரீன்ர தங்கச்சி மேவிஸ். பின்னால இன்னும் ரெண்டு பொம்பிளையள், ஒரு வாளி, மண் கிண்டுற ஒரு நீட்டு அலவாங்கு, ஏழு நாயில ஒண்டு. என்னையும் பின்னால ஏறச் சொல்லிச்சினம். நாய் என்ர மடியில ஏறிச்சு. இருநூறு மீற்றர்தானே, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பம் எண்டு நினைச்சன்.

கார் கிளினிக்கைத் தாண்டிப் போச்சு.

வாசலில பெவ் நிண்டவ. என்னைப் பாத்துக் கை காட்டினா. நானும் கை காட்டினன்! இதைத்தான் இண்டைக்கும் என்னால மன்னிக்க ஏலாமல் இருக்கு. கடத்தப்பட்டுப் போற ஆள் கை காட்டிச் சிரிச்சுக்கொண்டு போறது எங்கயாவது கேள்விப்பட்டிருக்கிறியளோ?

சரி, கடைக்குப் போயிட்டு வரப் போகினம் எண்டு நினைச்சன்.

கடையும் போச்சு. கடைசி வீடும் போச்சு. தார் றோட்டும் போச்சு.

லண்டனில வளந்த பிள்ளையளுக்கு ஒரு வியாதி இருக்கு. பஸ் பிழையான பக்கம் திரும்பினாலும் வாய் திறக்கமாட்டம். ட்ரைவர் என்ன நினைப்பாரோ எண்டு இருந்திடுவம். நானும் ஒரு கால் மணித்தியாலம் அப்பிடியே இருந்தன்.

பேந்துதான் மெல்லக் கேட்டன். "கிளினிக் பின்னால போட்டுது போல..."

"ஓம்" எண்டா டொரீன்.

"நாங்கள் எங்க போறம்?"

"எறும்புக்கு."

எனக்கு வடிவாக் கேக்கேல்லை எண்டு நினைச்சன். "என்னத்துக்கு?"

"தேன் எறும்புக்கு. கன நாளா ஆசை. முடிஞ்சு வரேக்க கிளினிக்."

மேவிஸ் கண்ணாடியில என்னைப் பாத்தா. "லண்டன் பயந்திட்டுது" எண்டா. மற்ற ரெண்டு பேரும் சிரிச்சினம். அதுக்குப் பிறகு என்ர பேர் லண்டன். எட்டுக் கிழமையும் அதுதான் பேர்.

முக்கால் மணித்தியாலம் ஓடி ஒரு பத்தைக் காட்டில நிப்பாட்டிச்சினம். மோபைலை எடுத்துப் பாத்தன். கவரேஜ் ஊருக்குள்ளயே இல்லை, இங்க வரப் போகுதே! சும்மா ஒரு ஆறுதலுக்குப் பாத்தது.

நான் இறங்க முதல் டொரீன் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கிட்டா. புண் கால்!

"நடக்காதேங்கோ! காலுக்குப் பாரம் குடுக்கக் கூடாது! இருங்கோ!" எண்டு கத்திக்கொண்டு பின்னால ஓடினன்.

"நீ இரு" எண்டா அவ, திரும்பிப் பாக்காமல்.

நான் இருந்தால் பிறகு என்ன நேர்ஸ்? ஓடினன். அந்த மண் அடுப்புச் சட்டி மாதிரிக் கொதிச்சுக்கொண்டிருந்தது. பத்துப் பதினைஞ்சு அடி போயிருப்பன், வலது காலில ஏதோ பட் பட் எண்டு அடிக்குது. குனிஞ்சு பாத்தன்.

சப்பாத்தின்ர அடி கழண்டு நாக்கு மாதிரித் தொங்குது! பசை உருகிப் போச்சு. ரூட்டிங் சந்தையில அந்தக் கடைக்காரர் "மழைக்கும் தாங்கும் தங்கச்சி" எண்டு சொன்னவர். மழையைப் பற்றித்தானே சொன்னவர். பிழை சொல்ல ஏலாது.

அடுத்த அடி வைச்சன். ஒரு முள்ளு குதிக்காலுக்குள்ள நேரா ஏறிச்சு.

நான் போட்ட சத்தத்துக்கு அந்த நாய் காருக்குக் கீழ போய் ஒளிச்சிட்டுது.

நாலு பேரும் ஓடி வந்திச்சினம். என்னை ஒரு மரநிழலில இருத்திச்சினம். டொரீன் என்ர காலைத் தூக்கித் தன்ர மடியில வைச்சா. முள்ளின்ர வெளியில நிண்ட பாதியை நகத்தால இழுத்து எடுத்தா. மற்றப் பாதி உள்ள முறிஞ்சு போச்சு.

"இது பெவ்தான் எடுக்கோணும்" எண்டா. பிறகு என்ர சப்பாத்தைப் பாத்தா. அடி தொங்குது. கொஞ்சம் யோசிச்சா. யோசிச்சுப்போட்டுக் குனிஞ்சு தன்ர காலில சுத்தியிருந்த பண்டேஜைக் கழட்டினா!

"ஐயோ வேண்டாம்! அது உங்கட புண்ணுக்கு!"

"எனக்கு இன்னொண்டு பெவ் தருவா. உனக்கு நடக்கச் சப்பாத்து வேணும்."

நான் தடுக்க முதல் என்ர சப்பாத்தைச் சுத்தி ஒரு முடிச்சுப் போட்டாச்சு. மூண்டு வருசம் தொற்று நோய்த் தடுப்புப் படிச்சவள் நான். கை கழுவிறதுக்கு மட்டும் தனிப் பரீட்சை எழுதினவள். நோயாளியின்ர பண்டேஜைச் சப்பாத்தில கட்டிக்கொண்டு பாலைவனத்தில இருக்கிறன்.

டொரீன்ர புண் இப்ப வெளியில. இலையான் ஏற்கெனவே வரத் தொடங்கிட்டுது.

அப்பதான் எனக்குப் பயம் பிடிச்சது. விளையாட்டுப் பயம் இல்லை. சீனி வருத்தக்காரருக்குக் காலில புண் எண்டால் என்ன நடக்கும் எண்டு வார்ட்டில பாத்திருக்கிறன். ஒரு விரலில தொடங்கும், பிறகு கால் போயிடும். இவவைக் கூட்டிக்கொண்டு வரத்தான் என்னை அனுப்பினது. இதில ஏதும் நடந்தால் காரணம் என்ர சப்பாத்து.

"டொரீன், தயவு செய்து ஒருக்கா இருங்கோ" எண்டன். என்ர குரல் எனக்கே வேற மாதிரிக் கேட்டிச்சு. அவவும் என்னை ஒருக்காப் பாத்துப்போட்டு இருந்திட்டா.

கையுறை போட்டன். குடிக்க வைச்சிருந்த தண்ணியால மெல்ல மெல்லக் கழுவினன். பயந்த மாதிரி இல்லை. புண்ணின்ர அடி நல்ல ரோசா நிறம், மணம் இல்லை, சீழ் இல்லை, ஆறிக்கொண்டு வருது. மூடுறதுக்குத்தான் ஒண்டும் இல்லை. பையைக் கிண்டினன். அம்மா வெளிக்கிடேக்க அயன் பண்ணி வைச்சுவிட்ட கைலேஞ்சி ரெண்டு பிளாஸ்டிக் பையோட அப்பிடியே கிடந்தது. மூலையில ரோசாப்பூத் தையல். ஒண்டை மடிச்சு வைச்சு மற்றதால கட்டினன்.

டொரீன் கட்டி முடியும் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தா.

"உன்ர கை மெதுவான கை" எண்டா. "பெவ்வின்ர கை மண்வெட்டி."

எனக்குக் கண் கலங்கிச்சு. இலையானாலதான் எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

அதுக்குள்ள மேவிஸ் ஆக்கள் மரத்தடியில ஒரு ஆள் ஆழத்துக்குக் கிண்டிப்போட்டினம். உள்ளுக்கு எறும்புகள், ஒவ்வொண்டின்ர வயிறும் தங்க நிறத்தில திராட்சைப்பழம் மாதிரி. மேவிஸ் எனக்கு ஒண்டு நீட்டினா. "தலையைப் பிடி, வயித்தைக் கடி."

கடிச்சன். தேன்! சத்தியமாத் தேன்! ரெண்டாவது கேட்டு வாங்கினன்.

திரும்பிப் பாத்தால் டொரீன் ஒரு கை நிறைய வைச்சுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறா.

"டொரீன்! உங்களுக்குச் சீனி வருத்தம்!"

"இது சீனி இல்லை" எண்டா அவ. "எறும்பு."



ஒரு மாதிரிக் கெஞ்சிக் கூத்தாடி எல்லாரையும் காரில ஏத்தினன். கார் ஒரு பத்து நிமிசம் ஓடியிருக்கும். டமார்! முன் ரயர் காத்துப் போட்டுது.

"ஸ்பெயார் வீல் எங்க?" எண்டு கேட்டன்.

"இதுதான் ஸ்பெயார் வீல்" எண்டா மேவிஸ்.

எனக்குக் கார் பிழைச்சால் செய்யத் தெரிஞ்சது ஒண்டுதான். றோட்டு ஓரத்தில நிண்டு போன் பண்ணுறது. போனும் இல்லை, றோட்டும் இல்லை. அவை ஒருத்தரும் பதறேல்லை. சுத்திவரக் கிடந்த கூர்ப்புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி ரயருக்குள்ள திணிச்சினம். என்னையும் பிடுங்கச் சொல்லிச்சினம். ரெண்டு கையிலயும் கீறல். ஒரு மணித்தியாலம் திணிச்சம். ரயர் தலகாணி மாதிரி வந்திட்டுது.

பிறகு கார் ஓடிச்சு. ஓடிச்சு எண்டு சொல்லக்கூடாது, நடந்தது. நாய் இறங்கிப் பக்கத்தில நடந்து வந்தது. சில நேரம் முன்னுக்கும் போச்சு.

அப்பிடி ஊர்ந்துகொண்டிருக்கேக்க தூரத்தில புழுதி. கிளினிக் வண்டி! பெவ் இறங்கி வாறா. முகம் செம்மண்ணைவிடச் சிவப்பு. நான் காருக்குள்ள இன்னும் கொஞ்சம் கீழ இறங்கி இருந்தன்.

பெவ் வாய் திறக்க முதல் டொரீன் கண்ணாடிக்கு வெளியில தலையை நீட்டினா.

"நல்ல வேளை வந்தாய். இந்தப் பிள்ளைக்குக் கால் சரியில்லை. கிளினிக்குக்குத்தான் கொண்டு வாறம்."

பெவ் என்ர சப்பாத்துப் பண்டேஜைப் பாத்தா. டொரீன்ர காலில ரோசாப்பூத் தையலைப் பாத்தா. திரும்ப என்னைப் பாத்தா.

"ஏறு" எண்டா. அவ்வளவுதான்.

கிளினிக்கில ஒரே ஒரு கட்டில். அதில படுத்தது நான். பெவ் மண்வெட்டிக் கையால முள்ளைத் தோண்ட, டொரீன் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு "மூச்சை விடு, மூச்சை விடு" எண்டு சொல்லிக்கொண்டிருந்தா. என்ர அலுவல் முடிஞ்ச பிறகுதான் அவவின்ர லேஞ்சியைக் கழட்டிச்சினம்.

பெவ் குனிஞ்சு கன நேரம் பாத்தா.

"வடிவாக் கழுவியிருக்கிறாய்" எண்டா. "புண்ணுக்கு ஒண்டும் நடக்கேல்லை. உனக்கும் ஒண்டும் நடக்கேல்லை. அடுத்த முறை ஆரின்ர காரிலயும் ஏற முதல் எங்க போறியள் எண்டு கேள்."

"கை காட்டினனீங்கள்தானே" எண்டன், மெல்ல.

"எனக்கென்ன தெரியும்? நீ சந்தோசமாக் கை காட்டினாய். கடைக்குப் போறாய் எண்டு நினைச்சன்."

பேந்துதான் மெல்ல இழுத்தா. "உன்ர அம்மாவுக்கு ஒருக்கா போன் பண்ணு. நீ வரேல்லை எண்டு மத்தியானம் நான் அவசரத் தொடர்பு நம்பருக்கு எடுத்திட்டன்."

எனக்கு முள்ளுக் குத்து மறந்து போச்சு.

லண்டனில அப்ப விடியக்காலமை. அம்மா முதல் மணியிலயே எடுத்தா.

"பிள்ளை! ஆரோ ஒரு வெள்ளைக்காரி எடுத்து, நீ நாலு பொம்பிளையளோட காரில போனாய், திரும்பி வரேல்லை எண்டவ! எங்கயடி போனனீ?"

"எறும்பு சாப்பிடப் போனனான் அம்மா."

அம்மா கையால போனைப் பொத்திக்கொண்டு அப்பாவுக்குச் சொன்னது எனக்கு வடிவாக் கேட்டிச்சு.

"அவளுக்கு வெயில் தலைக்கு ஏறிட்டுதப்பா. ரிக்கெற் போடுங்கோ."

ரிக்கெற் போடாமல் நிப்பாட்ட இன்னொரு அரை மணித்தியாலம் கதைக்க வேண்டி வந்தது. போன் கார்ட் முடிஞ்சு போச்சு.

அந்தக் கிழமைக்குப் பிறகு டொரீன் ஒருநாளும் மருந்து கட்ட வராமல் விடேல்லை. நான் போய்க் கூப்பிடத் தேவையே வரேல்லை. ஆனா வந்தவுடன முதல் கேள்வி, "லண்டன், உன்ர கால் எப்பிடி?" எண்டதுதான். ஊரில மற்ற ஆக்களும் அப்பிடித்தான். நான் பிரஷர் பாக்கப் போற வீடெல்லாம், அவை முதலில என்ர காலைப் பாக்கினம்.

எட்டுக் கிழமை முடிஞ்சு லண்டனுக்குத் திரும்பினன். பெவ் மூடி ஒட்டின ஒரு கடித உறையில என்ர மதிப்பீட்டுப் படிவத்தைத் தந்துவிட்டவ. அதை விரிவுரையாளரிட்ட குடுத்துப்போட்டு முன்னால இருந்தன். அவ கண்ணாடியைப் போட்டு ஒருக்கா வாசிச்சா. கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்ப வாசிச்சா.

"இந்தக் கடைசி வரியில உங்கட நேர்ஸ் சொல்லை மாத்தி எழுதிப்போட்டா போல" எண்டு படிவத்தை என்ர பக்கம் திருப்பினா.

பெவ்வின்ர பெரிய பெரிய எழுத்தில இருந்தது: "எட்டுக் கிழமையும் நோயாளிகள் இவவை நல்ல கவனமாப் பாத்துக்கொண்டினம்."

"இல்லை மிஸ்" எண்டன். "சரியாத்தான் எழுதியிருக்கிறா."